மூட்டைப்பூச்சி: மருந்தை எடுக்கும் முன் கேட்கவேண்டியவை (கேள்வி பதில்)

கேள்வி (வியாசர்பாடி): சார், ஒரே ரூம் வாடகை வீடு. சிவப்பு ஹிட் மூணு டப்பா காலி. ரெண்டு நாள் நிம்மதியா இருக்கு, மறுபடி கடிக்குது. டூப்ளிகேட் டப்பாவா இருக்குமா?

பதில்: டப்பா அசலாகவே இருக்கும். கரப்பானுக்காகச் செய்த மருந்து அது. உள்ளே இருப்பவை இமிப்ரோத்ரின், சைபர்மெத்ரின் என்று இரண்டு மருந்துகள், இரண்டும் பைரித்ராய்டு என்ற ஒரே வகையைச் சேர்ந்தவை. பூச்சி மேல் நேராகப் பட்டால் சிலது சாகும், பல சாகாது. 1940களிலேயே டிடிடி என்ற பழைய பூச்சிமருந்தை அடித்து அடித்து இந்தப் பூச்சி அதற்குப் பழகிவிட்டது. நரம்பில் டிடிடி வேலை செய்கிற அதே இடத்தில்தான் பைரித்ராய்டும் வேலை செய்யும். அதனால் டிடிடிக்குத் தப்பின பரம்பரை இதற்கும் பாதி தப்பிக்கிறது.

முட்டைக்கோ பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஒரு மில்லிமீட்டர் நீளம், வெள்ளை, கட்டை இடுக்கில் பசை போட்டு ஒட்டினது போல இருக்கும். நம் ஊர் வெயிலுக்கு 6 முதல் 10 நாளில் பொரிக்கும். நீங்கள் சொல்கிற "ரெண்டு நாள் நிம்மதி" என்பது, வாடைக்கு ஒதுங்கிச் சுவர் வெடிப்புக்குள் போன பூச்சி பசி எடுத்துத் திரும்பி வருவதுதான். சில சமயம் பக்கத்து வீட்டுக்கும் போய்விடும்.

கேள்வி (அதே வீடு): அப்ப எங்கதான் ஒளியுது? பகல்ல ஒண்ணுகூட கண்ணுல படல.

பதில்: பூச்சியைத் தேடாதீங்க, புள்ளியைத் தேடுங்க. பேனா மையில் குத்தினது போலக் கறுப்புப் புள்ளி, கொத்துக் கொத்தாக இருக்கும். ஈரத் துணியால் தேய்த்தால் துரு நிறத்தில் இழுபடும். அது செரித்த ரத்தம். புள்ளி இருக்கும் இடத்திலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பூச்சி இருக்கும்.

இரும்புக் கட்டில் என்றால் குழாயின் திறந்த வாய், நட்டு போல்ட் துளை, பிளைவுட் பலகையின் அடிப்பக்கம். மெத்தையில் நான்கு ஓரத் தையல். கட்டில் இல்லாமல் பாயில் படுப்பவர்கள் கோரைப்பாயின் துணி வைத்துத் தைத்த விளிம்பைப் பிரித்துப் பாருங்க, அங்கேதான் குடித்தனம் நடக்கும். கொசுவலையின் மடிப்புத் தையல், சுவர்க் காலண்டரின் பின்பக்கம், சுவிட்ச் போர்டு ஓரம், தலைமாட்டில் இருக்கும் துணிமூட்டை. பழைய ஏடிஎம் கார்டை இடுக்கில் செருகி இழுத்தால் உரித்த தோலும் முட்டையும் வெளியே வரும்.

கேள்வி (மதுரை, செல்லூர்): கட்டில்ல கொதிக்கிற தண்ணி ஊத்தினேன் அண்ணே. அப்பவும் சாகல.

பதில்: ஊற்றின விதத்தில் கோளாறு இருக்கும். வளர்ந்த பூச்சி 48 டிகிரியில் இருபது நிமிடம் இருந்தால் செத்துவிடும். முட்டைக்கு அதே 48 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டும், 55 டிகிரி என்றால் சட்டென்று முடியும். குடத்தில் கொண்டுவந்து ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றினால், இரும்பில் படும்போதே சூடு குறைந்திருக்கும். இரும்பு மிச்சச் சூட்டையும் உறிஞ்சிவிடும்.

செய்யவேண்டியது இது. கட்டிலைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி வெளியே கொண்டுபோங்க. சுற்றாமல் தூக்கினால் வழியெல்லாம் உதிரும். போல்ட்டை எல்லாம் கழற்றித் தனியாக ஒரு பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க விடுங்க. அடுப்பை வெளியிலேயே வைத்து, கொதிக்கக் கொதிக்க மூக்கு வைத்த கெட்டிலால் மூட்டுக்கு ஒட்டினாற்போல ஊற்றுங்க. ஒரு மூட்டுக்கு அரை லிட்டராவது போகணும், கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை. குழாயின் வாய்க்குள்ளும் ஊற்றி, காய்ந்த பிறகு எம்-சீல் வைத்து அடைத்துவிடுங்க. காலில் செருப்பும் கையில் தடித்த துணியும் இருக்கட்டும், குழந்தைகள் பக்கத்தில் நிற்கவேண்டாம்.

பிளைவுட்டில் வெந்நீர் ஊற்றினால் உப்பிவிடும். அதற்கும் மெத்தைத் தையலுக்கும் ஈரத் துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை மெதுவாக, ஓர் இடத்தில் பத்து பதினைந்து வினாடி வைத்து வைத்து நகர்த்துங்க. ரெக்சின், நைலான், ஸ்பாஞ்ச் மேல் வேண்டாம், உருகும். குக்கர் வெயிட்டை எடுத்துவிட்டு ரப்பர் குழாய் மாட்டி ஆவி அடிக்கும் வித்தை ஒன்று சுற்றுகிறது. குழாய் கழன்றால் முகம் வெந்துவிடும். அது வேண்டவே வேண்டாம்.

பத்து முதல் பதினான்கு நாளில் இதே வேலையை முழுசாக இன்னொரு தடவை செய்யணும். முதல் சுற்றில் தப்பின முட்டை பொரித்திருக்கும், ஆனால் அந்தக் குஞ்சுகள் வளர்ந்து முட்டை வைக்கிற அளவுக்கு வந்திருக்காது. அந்த இடைவெளியில் அடித்தால்தான் கதை முடியும். பெரும்பாலான வீடுகளில் தோற்பது இந்த இரண்டாவது சுற்றில்தான்.

கேள்வி (வேலூர்): மே மாச வெயில்ல மெத்தைய மாடில போட்டாலே போதாதா?

பதில்: மேல் துணி கொதிக்கும், பஞ்சின் நடுவே சூடு ஏறாது. பூச்சியும் நிழலான அடிப்பக்கத்துக்கு நகர்ந்துவிடும். வெயில் துணிமணிக்குத்தான் உதவும். கறுப்பு பாலிதீன் கவரில் துணியை மெல்லிசாகப் பரப்பி, வாயைக் கட்டி, மொட்டைமாடித் தரையில் காலை 11 முதல் 3 வரை, நடுவே ஒரு தடவை புரட்டிப் போடுங்க. மூட்டையாகத் திணித்தால் பலன் இல்லை. வெந்நீர் தாங்குகிற போர்வை, தலையணை உறை என்றால் அண்டாவில் கொதித்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிடுவதே மேல்.

கேள்வி (காஞ்சிபுரம்): அரிசி மண்டில மூட்டைக்கு நடுவுல வைக்கிற மாத்திரை, செல்பாஸ், ரூமுக்கு ரெண்டு வச்சு பூட்டிட்டு ஊருக்குப் போனா சுத்தமா போயிடும்னு ஒருத்தர் சொல்றார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீங்க. வாங்கியிருந்தால் திறக்காதீங்க.

கணக்கைப் பாருங்க. அது 56 சதவீத அலுமினியம் பாஸ்பைடு. 3 கிராம் மாத்திரை ஒன்று காற்றின் ஈரம் பட்டு 1 கிராம் பாஸ்பீன் வாயுவைக் கக்கும். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் ஒரு மாத்திரைக்கே காற்றில் 25 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு) வரும். வேலையிடத்தில் எட்டு மணி நேரத்துக்கு அனுமதிக்கும் அளவு 0.3. உடனடி உயிராபத்து என்று குறித்திருப்பது 50. அவர் சொன்ன இரண்டு மாத்திரை சரியாக அங்கே கொண்டுபோய் நிறுத்தும்.

நீங்கள் ஊருக்குப் போய்விடுவீங்க, சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவர்? ஒயர் போகும் குழாய், ஓட்டு இடுக்கு, கதவடி என்று எல்லா வழியிலும் வாயு போகும். ஷார்ஜாவில் பக்கத்து வீட்டுக்காரர் வைத்த மாத்திரையால் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் எலிக்கு மருந்து வைத்த வீட்டில் இரண்டு குழந்தைகள் இறந்ததும் நினைவிருக்கும். பாஸ்பீனுக்கு மாற்று மருந்து கிடையாது. பூண்டு வாடையோ அழுகின மீன் வாடையோ வரும் என்பார்கள், வராமலும் போகலாம். இந்த மாத்திரையைத் தனியாருக்குச் சில்லறையில் விற்பதே சட்டப்படி தவறு. அரசுக் கிடங்குகளும் அனுமதி பெற்ற நிபுணர்களும் மட்டும்தான் கையாளலாம்.

யாராவது ஏற்கெனவே வைத்துவிட்டது தெரிந்தால்: எல்லோரும் வெளியே, பக்கத்து வீட்டாரும் வெளியே. போகிற வழியில் இருக்கும் கதவு ஜன்னலைத் திறந்துவிடுங்க. மாத்திரையைக் கூட்டி அள்ளாதீங்க. தண்ணீர் ஊற்றாதீங்க, ஊற்றினால் வாயு மொத்தமாகக் கிளம்பும். 101க்குச் சொல்லுங்க. தலைவலி, வாந்தி, நெஞ்சடைப்பு யாருக்கு இருந்தாலும் 108.

கேள்வி (தஞ்சாவூர் பக்கம்): உரக்கடைல நுவான் தர்றாங்க. தண்ணில கலந்து மெத்தைல தெளிச்சா போதும்னு சொல்றாங்க.

பதில்: நுவான் என்று விற்றது டைக்குளோர்வாஸ். 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை. இன்னும் கொடுக்கிறார்கள் என்றால் பழைய சரக்கு அல்லது போலி. வயலுக்கான எந்த மருந்தையும் படுக்கையில் தெளிக்கக்கூடாது. திறந்த வெளிக்கு என்று போட்ட அளவு அது. நீங்கள் எட்டு மணி நேரம் முகத்தை வைத்துப் படுக்கிற இடம் இது.

எந்த மருந்தை எடுத்தாலும் லேபிளில் சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும், அதன் கீழ்ப்பாதி நிறத்தைப் பாருங்க. சிவப்பு கொடிய விஷம், அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், கடைசி பச்சை. சிவப்பும் மஞ்சளும் வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது. வீட்டு உபயோகத்துக்கு என்று எழுதியிருக்கணும், பதிவு எண் இருக்கணும். கடைக்காரர் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால் வாங்காமல் வந்துவிடுங்க. "மூட்டைப்பூச்சி மருந்து குடித்து" என்று பேப்பரில் வருகிற செய்திகளில் எல்லாமே தற்கொலை இல்லை. தண்ணீர் என்று நினைத்துக் குடித்த குழந்தைகளும் உண்டு.

கேள்வி (கடலூர்): மருந்து அடிச்சதுல எங்க அம்மாவுக்கு மயக்கம் வந்துடுச்சு. எலுமிச்சம்பழம் குடுத்தோம். இனிமே அப்படி ஆனா என்ன செய்யணும்?

பதில்: முதலில் காற்றோட்டத்துக்குக் கொண்டுவாங்க. மருந்து பட்ட புடவை, ஜாக்கெட்டைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பையும் தலையையும் கழுவுங்க. கழுவுகிறவர் கையில் பாலிதீன் கவராவது மாட்டிக்கணும். கண்ணில் பட்டிருந்தால் கால் மணி நேரம் நல்ல தண்ணீர் விடுங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. பால், எலுமிச்சை, உப்புத் தண்ணீர் எதுவும் வேண்டாம், மயக்கத்தில் இருப்பவருக்கு அது நுரையீரலுக்குள் போகும்.

கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவது, எச்சில் ஒழுகுவது, வேர்த்துக் கொட்டுவது, சதை துடிப்பது: இதில் ஏதாவது தெரிந்தால் நுவான் வகை விஷம், ஒரு நிமிடம் தாமதிக்கக்கூடாது. டப்பாவையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்க. பெயர் தெரிந்தால்தான் டாக்டர் சரியான ஊசியைப் போடமுடியும்.

கேள்வி (அம்பத்தூர்): பெஸ்ட் கன்ட்ரோல் ஆளு எண்ணூறு ரூபா கேக்குறார். "ஹெர்பல், ஒரே அடி, கேரண்டி"ன்றார்.

பதில்: ஒரே அடியில் முடியும் என்று சொல்கிறவரை அந்த ஒரு வார்த்தைக்காகவே அனுப்பிவிடலாம். லைசென்ஸைக் காட்டச் சொல்லுங்க, மருந்து டப்பாவைக் காட்டச் சொல்லுங்க, பில்லில் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்க. ஹெர்பல் என்றாலும் பெயர் வேண்டும். இரண்டு வாரத்தில் இரண்டாவது தடவை வருவது கூலிக்குள் சேர்த்தியா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்க. இடுக்கு, வெடிப்பு, கட்டில் மூட்டில் மட்டும் அடிப்பவர் தொழில் தெரிந்தவர். அறை முழுக்கப் புகை போடுகிறவர் காசை வீணாக்குகிறார். புகை இடுக்குக்குள் போகாது.

கேள்வி (ஈரோடு): வீட்ல ஏழு மாச கர்ப்பிணி, ஒன்றரை வயசுக் குழந்தை. அந்துருண்டை போட்டு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். மூட்டைப்பூச்சிக்கு அது உறைக்காது. நாப்தலீன் உருண்டை வைத்த துணியைச் சுற்றினால், ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு ரத்த அணு உடைந்து மஞ்சள் காமாலை வரும். அந்தக் குறை இருப்பது பெற்றவர்களுக்கே தெரிந்திருக்காது. உங்கள் வீட்டுக்கு வெந்நீரும் இஸ்திரியும்தான். ஆள் வைத்து அடித்தே தீரணும் என்றால் இவர்கள் இருவரும் அன்றைக்கு இரவு வேறு வீட்டில் தங்கட்டும். தண்ணீர்க் குடம், அரிசி, குழந்தையின் பொம்மை எல்லாம் வெளியே போகணும். மீன் தொட்டி இருந்தால் அதுவும். பைரித்ராய்டு மீனைக் கொன்றுவிடும், பூனைக்கும் ஆகாது.

கேள்வி (பல பேர்): மண்ணெண்ணெய்? வசம்பு? போரிக் பவுடர்? லட்சுமண ரேகை?

பதில்: மண்ணெண்ணெய் பட்ட பூச்சி சாகும், பஞ்சு மெத்தை பற்றிக்கொண்டால் குடிசையும் போகும். வசம்பு, நொச்சிப் புகை போட்டால் மனசுக்கு ஆறுதல். போரிக் பவுடர் தின்றால்தான் விஷம். இந்தப் பூச்சி ரத்தம் தவிர எதையும் தின்னாது. ரேகை போடும் சாக்பீஸும் பைரித்ராய்டுதான், பள்ளிக்கூட சாக்பீஸ் போலவே இருப்பதால் குழந்தை வாயில் வைக்கும்.

கேள்வி (நாகர்கோவில்): கட்டில் காலுக்குக் கீழ கிண்ணத்துல தண்ணி வச்சிருக்கோம், எறும்புக்கு வைக்கிற மாதிரி. சரியா?

பதில்: யோசனை சரி, தண்ணீர் தப்பு. ஒரு வாரம் மாற்றாமல் விட்டால் டெங்கு கொசு அதில்தான் வளரும். உலர்ந்த பிளாஸ்டிக் கிண்ணம் வைத்து, உள்சுவரில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தேயுங்க. நம் பக்கத்து வெப்பநாட்டு மூட்டைப்பூச்சி வழவழப்பான பிளாஸ்டிக்கிலும் ஏறக்கூடியது. குளிர்நாட்டு வகையை வைத்துச் செய்த பொறிகள் இங்கே ஏமாற்றும். பவுடர் இருந்தால் கால் வழுக்கும். வாரம் ஒரு முறை துடைத்துப் புதிதாகப் போடுங்க. கட்டில் சுவரிலிருந்து அரையடி தள்ளி நிற்கணும், போர்வையும் கொசுவலையும் தரையைத் தொடக்கூடாது. இல்லாவிட்டால் கிண்ணம் வைத்தும் பயனில்லை.

கேள்வி (திருப்பூர், பனியன் கம்பெனி விடுதி): ஒரு ரூம்ல பன்னெண்டு பேர். ஷிப்ட் மாறும்போது ஒரே பாயில மாத்தி மாத்திப் படுக்கிறோம். நான் மட்டும் சுத்தமா இருந்து என்ன பிரயோஜனம்?

பதில்: உண்மைதான்மா. ஒருத்தியால் முடியாது. அழுக்கால் வருவதும் இல்லை இது, ஆள் நெருக்கத்தால் வருவது. வார்டனிடம் மருந்து கேட்காதீங்க. ஒரே நாளில் எல்லா அறைக்கும் வேலை நடக்கணும், கொதிதண்ணீருக்கு அண்டா, பாயைத் தொங்கவிடக் கொடிக்கயிறு, வெடிப்பு அடைக்க வெள்ளைச் சிமென்ட், பதினான்காம் நாள் மறுபடி ஒரு தடவை என்று கேளுங்க. அதுவரைக்கும் உங்கள் பெட்டியையும் துணியையும் தடித்த பாலிதீன் கவரில் போட்டு வாயைக் கட்டி வையுங்க. ஊருக்குப் போகும்போது வீட்டுக்குள் நுழையும் முன்பே துணியை வெந்நீரில் போடுங்க.

கேள்வி (சேலம்): இதனால எய்ட்ஸ், மஞ்சக்காமாலை பரவுமா?

பதில்: பரவாது. அரிப்பு, தூக்கக் கேடு, சொறிந்து புண்ணாகிச் சீழ் வைப்பது, மிக அதிகமாக இருந்தால் குழந்தைகளுக்கு ரத்தசோகை. அரிப்புக்குக் காலமைன் போதும். விரல் இடுக்கிலும் இடுப்பைச் சுற்றியும் அரித்தால் அது சிரங்காக இருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு, டாக்டரிடம் காட்டுங்க. பூச்சி மருந்தை உடம்பிலோ தலையிலோ தடவவே கூடாது.

கேள்வி (தாம்பரம்): மெத்தைய தூக்கிப் போட்டுடலாம்னு இருக்கோம்.

பதில்: கட்டிலையும் சுவரையும் முடித்த பிறகு போடுங்க. இப்போதே புதுசு வாங்கினால் அதற்கும் ஒரு வாரத்தில் ஏறிவிடும். போடும்போது கவரில் சுற்றிக் கட்டி, கத்தியால் குறுக்கே கிழித்துவிட்டுப் போடுங்க. முழுசாக நல்லபடியாகத் தெரிந்தால் ராத்திரிக்குள் யாராவது வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார்கள்.