மணலை விட்டுக் கரைக்குப் போங்கள்: கத்தார் காட்டுயிர் கேள்வி பதில்

பதினான்கு வருடமாக தோஹாவில் இருக்கிறேன். பிழைப்பு கணக்கு எழுதுவது, லீவு நாளில் பைனாகுலரும் கையுமாக அலைவது. கத்தாரின் விலங்கு, பறவை, காப்பகங்கள் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி (வந்து மூன்று மாதமான தம்பி): அண்ணே, கம்பெனி பஸ் ஜன்னலில் பார்த்தால் கல்லும் மணலும்தான். இங்கே நிஜமாகவே விலங்கு ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது தம்பி, நீங்கள் பார்க்கும் நேரம்தான் சரியில்லை. தெற்கு வடக்காக 160 கிலோமீட்டர் நீளமுள்ள தீபகற்பம் இது. ஆண்டு மழை 80 மில்லிமீட்டரைத் தொட்டால் பெரிய விஷயம். நம் ராமநாதபுரத்தை வறண்ட பூமி என்கிறோமே, அங்கே இதைப்போல் பத்து மடங்கு பெய்கிறது. அதனால் இங்கே உயிர் பிழைக்கிறதெல்லாம் பகலில் வளைக்குள் கிடந்து ராத்திரியில்தான் வெளியே வரும். கங்காரு மாதிரித் தத்தித் தத்தி ஓடும் ஜெர்போவா எலி, முள்ளெலி, நரி எல்லாம் அப்படித்தான். விடியற்காலை போய் மணலில் கால் தடம் பாருங்கள், முந்தின ராத்திரி நடந்த கூத்து முழுக்க எழுதியிருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் நிலத்தில் நீங்கள் காணும் பெரிய மிருகம் பெரும்பாலும் வேலிக்குள் வளர்த்தது. காடு என்று ஒன்று இருந்தால் அது கடலுக்குள் இருக்கிறது. கீழே வரும் பதில்களும் சுற்றிச் சுற்றி அங்கேதான் போகும்.

கேள்வி: கத்தார் ஏர்வேஸ் விமான வால் பகுதியில் இருக்கும் கொம்பு மான் எது சார்? அதை நேரில் பார்க்க முடியுமா?

அது அரேபிய ஆரிக்ஸ். இங்குள்ளவர்கள் 'மஹா' என்பார்கள். மான் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், புள்ளிமான் கொம்பு உதிர்க்கும், இது உதிர்க்காது. வெள்ளை உடம்பு, ஈட்டி மாதிரி இரண்டு நீளக் கொம்பு. பக்கவாட்டில் நின்றால் ஒரே கொம்பாகத் தெரியும்.

இதன் கதை சோகமும் நிமிர்வும் கலந்தது. துப்பாக்கியும் ஜீப்பும் பாலைக்கு வந்த பிறகு வேட்டை கட்டுமீறிப் போனது. 1972இல் ஓமானில் கடைசிக் காட்டு ஆரிக்ஸும் சுடப்பட்டதோடு இயற்கையில் இனம் அற்றுப்போனது. அதற்குப் பத்து வருடம் முன்பே அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் மிருகக்காட்சி சாலைக்குச் சில உருப்படிகளைக் கொண்டுபோய் இனப்பெருக்கம் செய்ய ஆரம்பித்திருந்ததால் வம்சம் தப்பித்தது. கத்தாரில் தனியார் பண்ணை மந்தைகளும் இருந்தன. 1979இல் அல் ஷஹானியாவில் அதற்கென்றே காப்பகம் வைத்தார்கள், பிறகு சவுதி எல்லைப் பக்கம் அல் மஷாபியா வந்தது. 2011இல் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் உலகப் பட்டியலில் ஆரிக்ஸின் ஆபத்து நிலை ஒரு படி குறைந்தது. காட்டில் அற்றுப்போன விலங்கு ஒன்று அந்த அளவுக்குத் திரும்பி வந்தது அதுவே முதல் தடவை.

பார்க்க வேண்டுமானால் முன்கூட்டி அனுமதி கேட்டுக்கொண்டு ஷஹானியா போங்கள். வேலிக்குள் தீவனம் தின்னும் ஆரிக்ஸ்தான், குறை சொல்லவில்லை. வேலி இல்லையென்றால் அதுவும் இல்லை.

கேள்வி: சிக்ரீத் பக்கம் நெருப்புக்கோழி பார்த்தேன். அது இந்த ஊர்க் கோழிதானா?

இல்லை. அரேபிய நெருப்புக்கோழி போன நூற்றாண்டிலேயே பூண்டோடு அழிந்துவிட்டது. இப்போது ஓடுவது ஆப்பிரிக்க இனம், கொண்டுவந்து விட்டது. சிக்ரீத் உட்பட வடமேற்கின் பெரும்பகுதி அல் ரீம் உயிர்க்கோளக் காப்பகம். 2007இல் யுனெஸ்கோ சேர்த்தது, நாட்டு நிலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ரீம் என்றால் மணல் நிறச் சிறுமான், அதன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். காற்று அரித்த சுண்ணாம்புக் குன்றுகள் அங்கே காளான் மாதிரி நிற்கும். மேலே ஏறி செல்ஃபி எடுக்காதீர்கள், பொசுக்கென்று உதிர்கிற கல்.

கேள்வி (வக்ராவிலிருந்து ஒரு அக்கா): பையன் உடும்பைப் பார்த்தேன் என்கிறான். இங்கே உடும்பு உண்டா தம்பி?

அவன் பார்த்தது 'தப்' என்ற முள்வால் பல்லியாக இருக்கும் அக்கா. முள் முள்ளாகத் தடித்த வால், பானை வயிறு, அவசரமே இல்லாத நடை. நம் உடும்பு கறி தின்னி, இது இலை தழை தின்கிற சைவம். ராஜஸ்தானில் இதன் சொந்தக்காரப் பல்லியைப் பிடித்துக் கொன்று 'சாண்டா எண்ணெய்' என்று மூட்டுவலிக்கு விற்பார்கள், அந்தப் பேச்சை நம்பி இங்கே யாராவது வளையில் கை விட்டால் வேட்டைச் சட்டத்தில் மாட்டுவார்கள். தூரத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இங்குள்ள மரங்களில் நம் ஊர் மரம் ஏதாவது உண்டா?

கேட்டதற்கு நன்றி, எனக்குப் பிடித்த விஷயம் இது. அரபியில் 'காஃப்' என்பது நம் வன்னி மரமேதான். சிவன் கோயில்களில் தல விருட்சமாக நிற்கிறதே, அதே இனம். 'சித்ர்' என்பது இலந்தையின் உறவு, பழமும் அதே ருசிதான். இவையெல்லாம் 'ரவ்தா' என்ற பள்ள நிலங்களில் நிற்கும். மழைத் தண்ணீரும் வண்டலும் வந்து சேரும் இடம் அது, நம் கண்மாய் உள்வாய் மாதிரி. குளிர்கால மழைக்குப் பிறகு பத்து நாளில் பச்சை விரியும்.

வேண்டாத உறவும் ஒன்று உண்டு. சீமைக்கருவேலம் இங்கேயும் வந்து உட்கார்ந்திருக்கிறது. முதலில் பார்த்தபோது ஊர் ஞாபகத்தில் சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

கேள்வி: உள்கடலுக்கு எங்கள் சின்னக் காரில் போகலாமா?

போகாதீர்கள். சீலைன் கடற்கரைக்கு அப்பால் ரோடு கிடையாது, வெறும் மணல்மேடு. ஃபோர் வீல் வண்டி வேண்டும், டயர் காற்றைப் பாதியாக இறக்க வேண்டும், தனியாகப் போகக் கூடாது, இரண்டாவது வண்டி கூட வர வேண்டும். நான் ஒரு தடவை ஓதம் ஏறும் நேரம் தெரியாமல் உப்புச் சேற்றுச் சமவெளியில் இறங்கி வண்டியைப் புதைத்துவிட்டேன். 'சப்கா' என்று பெயர். மேலே ஓடு மாதிரிக் காய்ந்திருக்கும், உள்ளே சேறு.

உள்கடலின் பெயர் கோர் அல் உதைத். கடல் ஒரு ஒடுக்கமான வாய்க்கால் வழியே பாலைக்குள் புகுந்து ஏரியாக விரிகிறது. மணல்மேட்டின் காலடியில் அலை அடிப்பதை உலகத்தில் சில இடங்களில்தான் பார்க்க முடியும். 2007இல் காப்பகமாக்கினார்கள். அங்குள்ள தீவுகளில் மீன் பிடிக்கும் பறவையான விராலடிப்பான் கூடு கட்டும். மேட்டில் வண்டி பறக்க விடுகிற கூட்டத்தைத் தாண்டி, தண்ணீர் ஓரமாக ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி (அல் கோர்காரர்): எங்கள் பக்கம் பிச்சாவரம் மாதிரி ஒன்று இருக்கிறதாமே?

அல் தகீரா. பிச்சாவரத்தின் அடர்த்தியை எதிர்பார்க்காதீர்கள். இங்கே இயற்கையாக வளர்வது ஒரே இனம், வெண்கண்டல். மற்ற அலையாத்தி மரங்கள் இந்த உப்பையும் குளிரையும் தாங்காது. வளைகுடாத் தண்ணீர் சாதாரணக் கடலைவிட உப்பு கூடியது. வெண்கண்டல் உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியே தள்ளிவிடும். இலையை நக்கிப் பாருங்கள், கரிக்கும். மீன்குஞ்சும் நண்டும் வளர்கிற தொட்டில் அதுதான். குளிர்காலத்தில் பூநாரைகள் வரும், கோடியக்கரையில் பார்ப்போமே, அதே பெரிய பூநாரை. கயாக்கில் போகிறவர்கள் அவற்றின் கூட்டத்துக்குள் நுழையாமல் இருந்தால் புண்ணியம்.

கேள்வி: ஃபுவைரித் பீச்சை ஏன் கோடையில் மூடுகிறார்கள்? லீவுக்கு அதுதானே இருக்கிறது!

அழுங்காமை முட்டையிட வருகிறது ஐயா. ஏப்ரலில் தொடங்கி சில மாதம். குழி தோண்டி மூடிவிட்டு அது போய்விடும். சுமார் இரண்டு மாதத்தில் குஞ்சு பொரித்து ராத்திரியில் வெளிச்சமான பக்கம் ஓடும். இயற்கையில் வெளிச்சம் கடல் பக்கம். நீங்கள் கரையில் விளக்குப் போட்டு பார்பிக்யூ போட்டால் குஞ்சு உங்கள் அடுப்பைப் பார்த்து வரும். மணல் சூடு ஏற ஏறப் பெண் குஞ்சே கூடுதலாகப் பொரியும், இந்த ஊர்ச் சூட்டுக்கு அதுவும் ஒரு கவலை. நாலு மாதம் வேறு பீச்சுக்குப் போங்கள்.

கேள்வி: திமிங்கலச் சுறா வருவது உண்மையா?

உண்மை. கரையிலிருந்து 90 கிலோமீட்டர் வாக்கில், அல் ஷாஹீன் எண்ணெய் வயல் இருக்கும் இடத்தில். மே முதல் கூடும், சில நாளில் நூற்றைத் தாண்டும். சூரை மீன்கள் அங்கே முட்டை இடுகின்றன, அந்த முட்டையை வாய் பிளந்து வடிகட்டித் தின்ன வருகின்றன இந்த ராட்சதர்கள். எண்ணெய் மேடைகளை ஒட்டி மீன்பிடிப் படகை விடமாட்டார்கள், காப்பகம் என்று பலகை வைக்காமலே காப்பகம் ஆகிவிட்டது. எனக்குச் சிரிப்பும் வரும், கொஞ்சம் சங்கடமாகவும் இருக்கும்.

கேள்வி (மண்டபத்துக்காரர்): எங்கள் அப்பா ஆவுளியா பற்றி நிறையச் சொல்வார். அதே கடல்பசு இங்கேயும் உண்டா அண்ணே? கரையில் நின்றால் தெரியுமா?

அதே ஆவுளியாதான். ஆஸ்திரேலியாவுக்கு அடுத்து உலகத்தில் கடல்பசு அதிகம் இருப்பது இந்த வளைகுடாவில், ஆயிரக்கணக்கில். 1986இல் கத்தாருக்கும் பஹ்ரைனுக்கும் நடுவில் 600க்கு மேல் ஒரே கூட்டமாக வானத்திலிருந்து எண்ணியிருக்கிறார்கள். நம் பாக் நீரிணையில் 2022இல் 448 சதுர கிலோமீட்டரில் கடல்பசுக் காப்பகம் அறிவித்தார்களே, அங்கே இரண்டு மூன்றைச் சேர்ந்து பார்த்தாலே பேச்சாகிவிடும். காரணம் எளிது: ஆழமில்லாத கடல், வெயில் அடி வரை இறங்கும், கடற்புல் மேய்ச்சல் நிலமாக விரிந்து கிடக்கிறது. ஆனால் குட்டி போடுவது சில வருடத்துக்கு ஒன்று. வலையில் சிக்கி மூச்சுமுட்டிச் சாவது இரு பக்கமும் ஒரே கதை.

கரையிலிருந்து தெரியாது. படகில் நான் பார்த்ததே பழுப்பாக ஒரு முதுகு, ஒரு மூச்சு, அவ்வளவுதான். அல் ஸுபாரா கோட்டைப் பக்கம் போனால் வற்றுக் கடலில் கரையை நடந்து பாருங்கள். பச்சை நாடா மாதிரிக் கடற்புல் ஒதுங்கிக் கிடக்கும். ஒரு போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்புங்கள், அவருக்குப் புரியும்.