பதவியை விட்டு விலகிய திருத்தந்தை எப்படிப் புனிதராக முடியும்?

ஐந்தாம் செலஸ்தீன் ஐந்தே மாதத்தில் திருத்தந்தை (போப்) பதவியை விட்டுவிட்டுப் போனவர், பொறுப்பிலிருந்து ஓடியவருக்குப் புனிதர் பட்டம் எப்படிக் கொடுத்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். 'ஓடியவர்' என்ற அந்தச் சொல்லுக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். ஏதோ ஒரு பொறுப்பைத் தொடர்வதா விடுவதா என்ற குழப்பத்தில் நீங்களே இருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அப்படி இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவர் கதை. திருத்தந்தை ஆவதற்கு முன் பீட்டர் மொரோனே என்பது அவர் பெயர். மலைக்குகைகளில் தவம் செய்து வாழ்ந்த துறவி. 1292இல் அப்போதைய திருத்தந்தை நான்காம் நிக்கோலஸ் இறந்தபின், அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கர்தினால்கள் இரண்டு வருடத்துக்கு மேலாக ஒரு முடிவுக்கு வரவில்லை. கடைசியில் 1294 ஜூலையில் எண்பது வயதை ஒட்டியிருந்த இந்தத் துறவியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் அந்தப் பதவியைத் தேடிப் போகவில்லை. பதவிதான் மலையேறி அவரிடம் வந்தது. கழுதை மேல் ஏறி இத்தாலியின் லாக்விலா நகருக்குப் போய் முடிசூட்டிக்கொண்டார். நிர்வாகம் அவருக்கு வரவில்லை. நேப்பிள்ஸ் அரசர் இரண்டாம் சார்லஸ் சொன்னதே நடந்தது. ஒரே பதவியை ஒருவருக்கு மேற்பட்டவர்களுக்குக் கொடுத்த குழப்பமும் நேர்ந்தது. தன்னால் திருச்சபைக்குக் கேடு வருகிறது என்று புரிந்ததும், டிசம்பர் 13 அன்று கர்தினால்கள் முன்னால் பதவியைத் துறந்தார்.

அதற்குப் பிறகும் அவரை நிம்மதியாக விடவில்லை. அடுத்து வந்த எட்டாம் போனிபாஸ், இவரை வைத்து யாராவது பிளவு உண்டாக்கிவிடுவார்களோ என்று பயந்து ஃபுமோனே கோட்டையில் அடைத்துவைத்தார். 1296 மே 19 அன்று அங்கேயே இறந்தார். ஓடிப்போனவர் சுகமாக வாழ்ந்தார் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1313இல் பட்டம் கொடுத்ததில் அரசியல் இருந்தது, போனிபாஸைப் பிடிக்காத பிரெஞ்சு மன்னரின் நெருக்கடி இருந்தது என்று சிலர் கீழே எழுதுவீர்கள். இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் மன்னர் சொல்வதற்கு முன்பே மக்கள் அவரைப் புனிதராக வணங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் தொடங்கிய துறவற சபையும் இருந்தது.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பங்குக் கோவிலில் இருபத்திரண்டு வருடம் பாடகர் குழுவை நடத்தினேன். கடைசி மூன்று வருடம் காது மங்கிக்கொண்டே வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பாஸ்கா திருவிழிப்பில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின இரவு வழிபாட்டில், தவக்காலத்தில் வழக்கமாகப் பாடாத வானவர் கீதம் என்ற புகழ்ப்பாடலை மணியோசையோடு தொடங்கும் நேரம். நான் சுருதி கொடுத்தேன். குழு பாடியது. ஆனால் ஒருவர்கூட என் கையைப் பார்க்கவில்லை. இரண்டாம் வரிசையில் நின்ற ஒரு கல்லூரி மாணவியைப் பார்த்தே எல்லோரும் பாடினார்கள். விசாரித்தபோதுதான் தெரிந்தது, ஒரு வருடமாகவே நான் தவறான சுருதி கொடுக்கும்போதெல்லாம் அவள் மெதுவாகச் சரியான சுருதியை முனகிக் கொடுத்திருக்கிறாள். என் மனம் நோகக்கூடாது என்று எல்லோரும் சேர்ந்து மறைத்திருக்கிறார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அடுத்த வாரம் விலகல் கடிதம் கொடுத்தேன். பங்குப் பேரவையில் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும், "திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் பேச முடியாத நிலையிலும் கடைசிவரை இருந்தாரே, ஆண்டவர் வேலையைப் பாதியில் விடுவதா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னது உண்மைதான். 2005 உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) அன்று ஜான் பால் ஜன்னலில் வந்து நின்றார், வாய் திறந்தும் பேச்சு வரவில்லை, ஏப்ரல் 2இல் இறந்தார். அந்தக் காட்சியைப் பார்த்து அழுதவன் நான்.

ஆனால் அதே ஜான் பாலின் அருகில் பல வருடம் வேலை செய்து, அவருக்குப் பின் திருத்தந்தையான பதினாறாம் பெனடிக்ட், 2009 நிலநடுக்கத்துக்குப் பின் லாக்விலா போனபோது, தான் பதவியேற்ற நாளில் அணிந்த பாலியம் என்ற கம்பளித் தோள்பட்டையைச் செலஸ்தீனின் கண்ணாடிப் பேழைமேல் வைத்துவிட்டு வந்தார். 2013இல், 85 வயதில், உடலும் மனமும் தளர்ந்துவிட்டன என்று சொல்லி விலகினார். கடைசிவரை இருந்த ஜான் பாலுக்கும் 2014இல் புனிதர் பட்டம் கிடைத்தது, விலகிய செலஸ்தீனுக்கும் எழுநூறு வருடங்களுக்கு முன்பே கிடைத்தது. ஒருவரை வைத்து இன்னொருவரை அடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஜான் பால் இருந்தது தவறு என்று நான் சொல்வதாக யாரும் திரித்துவிட வேண்டாம்.

இதோடு இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வாட்ஸ்அப்பில் 'இன்றைய புனிதர்' என்று தினமும் அனுப்புகிறவர்கள், ஜனவரி 17 அன்று வனத்து அந்தோணியாருக்குக் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய பதுவை அந்தோணியார் படத்தைப் போடுகிறார்கள். ஒருவர் எகிப்தின் பாலைவனத் துறவி, மற்றவர் ஏறத்தாழ தொள்ளாயிரம் வருடம் கழித்து லிஸ்பனில் பிறந்தவர், திருநாள் ஜூன் 13. எத்தனை முறை சொன்னாலும் திருத்துவதில்லை. புனிதர்களின் வாழ்க்கையை இப்படிப் படிப்பதால்தான் செலஸ்தீனும் வெறும் 'ஓடியவர்' ஆகிவிடுகிறார்.

நீங்கள் விலகுவதாக முடிவு செய்தால் ஒன்றைக் கவனியுங்கள். செலஸ்தீன் தன் காரணங்களை ஒளிக்கவில்லை. உடல் பலவீனம், அறியாமை, பழைய அமைதியான வாழ்வின் மீதான ஏக்கம் என்று வெளிப்படையாகச் சொன்னார். நான் கடிதத்தில் 'சொந்தக் காரணங்கள்' என்று மட்டும் எழுதினேன். பணத் தகராறு என்று பேச்சு கிளம்பிவிட்டது. அப்புறம் ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் எனக்குக் காது கேட்கவில்லை என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டியதாயிற்று.