பிரிட்ஜில் பேசியது பெட்டியில் இருக்கும்: விடிஆர் பற்றிச் சில கேள்விகள்

மொரிஷியஸின் போர்ட் லூயி துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் விடிஆர் சோதனை செய்வது என் தொழில். விடிஆர் என்றால் கப்பல் போன விதத்தையும், அதை ஓட்டும் அறையான பிரிட்ஜில் பேசியதையும் பதிந்துவைக்கும் பெட்டி. வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் நம் தீவில் கரைதட்டிய நாளிலிருந்து கோயிலில் பார்த்தாலும் சந்தையில் பார்த்தாலும் இந்தப் பெட்டியைப் பற்றியேதான் கேட்கிறார்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

விமானத்தில் இருக்கிற கறுப்புப் பெட்டிதானா அண்ணா இதுவும்? (ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு தங்கை)

வேலை அதேதான். நிறம் மட்டும் இரண்டிலும் கறுப்பில்லை, பளிச்சென்ற ஆரஞ்சு. கடலடியில் தேடுகிறவர் கண்ணில் பட வேண்டுமே! வெளிநாட்டுப் பயணம் போகும் பயணிகள் கப்பல்களிலும், 2002 ஜூலை 1 முதல் கட்டப்பட்ட 3,000 கிராஸ் டன்னும் அதற்கு மேலும் உள்ள சரக்குக் கப்பல்களிலும் கட்டாயம் இருக்க வேண்டும். அதற்கு முந்திய சரக்குக் கப்பல்களுக்கு எளிய வகை ஒன்று போதும் என்று பின்னால் விதி வந்தது.

என்னென்ன பதியும்? எவ்வளவு நேரத்துக்கு? (கப்பல் படிப்புப் படிக்கும் தம்பி)

கப்பல் நின்ற இடம், வேகம், திசை, ரேடார் திரையின் படம், ஆழம், சுக்கானுக்கும் இன்ஜினுக்கும் கொடுத்த கட்டளை, அவை அதற்குக் கீழ்ப்படிந்த விதம், விஎச்எஃப் ரேடியோவில் பேசிய பேச்சு, அலாரங்கள் எல்லாம் பதியும். பழைய கருவிகள் குறைந்தது 12 மணி நேரம் வைத்திருக்கும். 2014 ஜூலை 1-க்குப் பின் பொருத்தியவற்றில், விபத்தைத் தாங்கும் உறையான கேப்சூலுக்குள் 48 மணி நேரமும், கப்பலுக்குள் தனியாக 30 நாளும் இருக்கும்.

ஆனால் விலைமதிப்பில்லாதது பிரிட்ஜில் பேசும் பேச்சுதான். மற்றதெல்லாம் கப்பல் என்ன செய்தது என்று சொல்லும். ஏன் செய்தது என்பது பேச்சில்தான் இருக்கும். அந்த மைக்கைத்தான் யாரும் மதிப்பதில்லை. ஒரு கப்பலில் வருடாந்தர சோதனைக்குப் போனேன். ஒவ்வொரு மைக்குக்குக் கீழேயும் நின்று "ஒன்று, இரண்டு, மூன்று" என்று தமிழில் எண்ணிவிட்டு, பதிவைப் போட்டுக் கேட்டேன். சார்ட் (கடல் வரைபடம்) விரிக்கும் டேபிளுக்கு மேலிருந்த மைக்கில் என் குரலே இல்லை, ஏசி இரைச்சல் மட்டும். ஏணி வைத்து ஏறிப் பார்த்தால், கூரைக்குப் பெயின்ட் அடித்தவர் மைக்குக்கும் சேர்த்து இரண்டு கோட் அடித்திருக்கிறார். துளை ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை. நகத்தால் சுரண்டிச் சுரண்டி விரல் வெள்ளையானதுதான் மிச்சம்; கடைசியில் மைக்கையே மாற்றினோம்.

இன்னொன்று தம்பி. தாய்மொழியில் பேசினால் புரியாது என்று நினைத்துவிடாதே. தமிழோ கிரியோலோ, ஆள் வைத்து எழுத்தாக்கிவிடுவார்கள்.

கேப்டன் நினைத்தால் அழிக்கலாமா? (பெயர் போடவில்லை)

அழிக்க முடியாதபடிதான் செய்திருக்கிறார்கள். ஆனால் அழிய விடலாம். விபத்துக்குப் பிறகு சேவ் பட்டனை அமுக்காமல் கருவியை ஓடவிட்டால், பழையதன்மேல் புதியது ஏறிவிடும். 12 மணி நேரக் கருவியில் இது பெரிய ஆபத்து. மறதியா, வேண்டுமென்றா என்பதை அப்புறம் யார் நிரூபிப்பது?

கரும்புச் சோகையைத் துணியில் திணித்து எண்ணெயைத் தடுத்தவர்களில் நானும் ஒருத்தி. பெட்டி இருந்தும் வகாஷியோ ஏன் தப்பவில்லை? (மயேபூர் அக்கா)

பெட்டி கப்பலைக் காப்பாற்றாது அக்கா. நடந்ததை எழுதிவைக்கும் கணக்குப்பிள்ளை அது. 2020 ஜூலை 25 இரவு புவாந்த் தெஸ்னி பவளப்பாறையில் ஏறியது. ஆகஸ்ட் 6-ல் கசியத் தொடங்கி ஏறக்குறைய 1,000 டன் எண்ணெய் நம் கடலில் கலந்தது. கப்பலை வாடகைக்கு எடுத்த நிறுவனமே பிறகு சொன்ன காரணம் இது: தீவிலிருந்து 22 கடல் மைல் தள்ளிப் போக வேண்டிய பாதையை முதலில் 5 மைலாக்கினார்கள். பிறகு போன் சிக்னல் கிடைக்க 2 மைல் வரை நெருங்கப் பார்த்தார்கள். கரையோர ஆழத்தைச் சரியாகக் காட்டும் சார்ட்டும் கையில் இல்லை. வெளியே கண்ணால் பார்ப்பதிலும் ரேடாரைப் பார்ப்பதிலும் கவனமில்லை.

கேப்டனுக்கும் சீஃப் ஆபீசருக்கும் நம் நீதிமன்றம் 20 மாதச் சிறை கொடுத்தது. அது குற்ற வழக்கு. கடல் விபத்து விசாரணை வேறு. 2010-லிருந்து நடப்பில் உள்ள சர்வதேச விதித்தொகுப்பின்படி, யார்மேல் பழி என்று தீர்ப்பது அதன் வேலையில்லை, அடுத்த கப்பல் தப்ப வழி தேடுவதுதான். இரண்டையும் குழப்பினால் எந்தக் கேப்டனும் உண்மையைச் சொல்ல மாட்டார்.

ஆழ்கடலில் மூழ்கினால்? (கியூர்பிப்பிலிருந்து ஓர் ஆசிரியர்)

கப்பலோடு பொருத்திய நிலையான கேப்சூல் 6,000 மீட்டர் ஆழத்தையும், 1,100 டிகிரி நெருப்பை ஒரு மணி நேரமும் தாங்க வேண்டும் ஐயா. புதியவற்றில் மிதந்து மேலே வரும் கேப்சூலும் ஒன்று உண்டு. 2015 அக்டோபர் 1-ல் புயலில் மாட்டி 33 பேரோடு மூழ்கிய அமெரிக்கச் சரக்குக் கப்பல் எல் ஃபாரோவில் மிதக்கும் கேப்சூல் இல்லை. கப்பலைக் கண்டுபிடித்தபோது, பெட்டி இருந்த கம்பமே அதில் இல்லை. மறு வருஷம் ஆகஸ்டில்தான் நாலாயிரம் மீட்டருக்கும் கீழே கிடந்த பெட்டி கைக்கு வந்தது. அதில் 26 மணி நேரப் பேச்சு இருந்தது. புயலைச் சுற்றி வேறு வழியில் போகலாமே என்று ஆபீசர்கள் சொன்னதும்கூட.

வகாஷியோ எண்ணெய் கசிந்த அதே ஆகஸ்டில் புத்ர் தோர் பக்கம் மூழ்கிய நம் இழுவைப் படகில் பெட்டி இருந்திருக்குமா? (மீனவர் ஒருவரின் மகன்)

சர் கயேத்தன் துவாலைச் சொல்கிறாய். 2020 ஆகஸ்ட் 31. அவ்வளவு சின்னக் கலத்துக்கு விதி விடிஆர் கேட்பதில்லை தம்பி. அதில் இருந்த 8 பேரில் 4 பேர்தான் உயிரோடு திரும்பினார்கள். அந்த இரவில் பிரிட்ஜில் யார் என்ன சொன்னார்கள் என்பதற்கு அவர்கள் நினைவுதான் பதிவு.