பையன் எழுத்து வரைகிறான், ஈசிஈ-யில் தள்ளிவிடலாமா?

அம்மா, நீங்கள் அனுப்பிய பக்கங்களைப் பார்த்தேன். பிளஸ் டூ வருஷத்தில் தராசு நம்பர் மாதிரி எழுத்து வரைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான், ஈசிஈ-யில் (எலெக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன் இன்ஜினியரிங்) சேர்த்தால் சரியாகிவிடுவானா என்று கேட்டிருந்தீர்கள். சரியாவதற்கு அவன் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

மளிகைக்கடைத் தராசிலும் கால்குலேட்டரிலும் வருவது ஏழே கோடு. ஒவ்வொன்றும் எரியும் அல்லது எரியாது, ஆக எப்படிப் போட்டாலும் 128 வடிவத்துக்கு மேல் கிடையாது. எண்களுக்கு அது தாராளம். ஆங்கிலத்திலேயே எம், டபிள்யூ, எக்ஸ் எல்லாம் அதில் உருப்படியாக வராது, அதனால்தான் குறுக்குக் கோடுகள் வைத்த 14 கோட்டு டிஸ்ப்ளே இருக்கிறது. உங்கள் பையன் இதில் தமிழை இழுத்துவிட்டிருக்கிறான். ட, ப இரண்டும் ஏழு கோட்டிலேயே அப்படியே உட்கார்ந்துவிட்டன. ழ-வில் மாட்டிக்கொண்டு மூன்று பக்கம் அடித்து அடித்துப் போட்டிருக்கிறான் பாருங்கள், எனக்கு அந்த மூன்று பக்கம்தான் பிடித்தது.

ஒன்று செய்யுங்கள். ஈசிஈ லேபில் 7447 என்று ஒரு ஐசி (சிப்) வரும், ஏழு கோட்டு டிஸ்ப்ளேயை எரியவைப்பது அதுதான். அதில் 6-க்கு மேல்கோடு கிடையாது, 9-க்குக் கீழ்கோடு கிடையாது. படத்தை அவனிடம் காட்டுங்கள். உள்ளே சர்க்யூட் எப்படி என்று கேட்டால் ஈசிஈ-க்குத் தயங்காமல் அனுப்பலாம். "ஐயே, இந்த 6 நன்றாகவே இல்லையே" என்று பென்சிலை எடுத்தால் டிசைன் பக்கம் யோசிப்போம்.

டிசைன் என்றால் ஐஐடி பம்பாய் நடத்தும் யூசீட் (UCEED) நுழைவுத்தேர்வு, அப்புறம் தேசிய டிசைன் நிறுவனமான என்ஐடி-யின் (NID) நுழைவுத்தேர்வு. இரண்டையும் எந்த குரூப் பிள்ளையும் எழுதலாம். யூசீட் ஜனவரியிலேயே நடந்துவிடும், பொதுத்தேர்வு முடியட்டும் என்று காத்திருந்து கோட்டைவிட்டவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். ஈசிஈ-யே சேர்த்தாலும் கதவு மூடிவிடாது, டிகிரி முடித்து எம்.டெஸ் (டிசைனில் முதுகலை) படிக்க சீட் (CEED) என்றே ஒரு தேர்வு இருக்கிறது (சீட் கிடைக்க சீட் எழுத வேண்டும், என்ன செய்வது).

பணம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். எழுத்துரு (ஃபான்ட்) மட்டுமே செய்யும் நிறுவனங்கள் நம் நாட்டில் விரல்விட்டு எண்ணலாம். தராசு எழுத்தை நம்பிச் சோறு கிடைக்காது, டிசெக் என்று அந்த வகை எழுத்துரு இலவசமாகவே கிடைக்கிறது. டிசைன் படித்தவர்களில் பெரும்பாலோர் போவது செயலி, இணையதளம், பேக்கேஜிங் வேலைக்குத்தான்.

அவனுக்கும் ஒரு வார்த்தை. தம்பி, வரைந்ததெல்லாம் இன்னும் படம்தான், எழுத்துரு ஆகவில்லை. ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு செய்யும் மென்பொருள் இலவசம், அதில் ஏற்று. 'கொ' என்று தட்டினால் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் தானாகப் போய் நிற்க வேண்டும். அது ஓடியதும் ழ பக்கங்களையும் சேர்த்து எனக்கு அனுப்பு, அடித்ததை அழிக்காதே.