ஏழு வாரமாக அசையாத எடை: நெய்யைக் கூட்டலாமா?

கேள்வி: எனக்கு 43 வயது. மந்தைவெளியில் இருக்கிறேன், வங்கி வேலை. உயரம் 157 செ.மீ. கீட்டோ உணவுமுறை (மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்து, கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடுவது) ஆரம்பித்தபோது 84 கிலோ. முதல் மாதமே 5 கிலோ இறங்கியது. மூன்றரை மாதத்தில் 74.5-க்கு வந்தேன். அதன்பிறகு ஏழு வாரமாக அதே 74.5. காலையில் தைராய்டு மாத்திரை போட்ட கையோடு இரண்டு டேபிள்ஸ்பூன் வெண்ணெய் போட்ட பட்டர் காபி, பத்து மணிக்கு நெய்யில் வறுத்த 100 பாதாம், மதியம் சிக்கன் அல்லது மீன் (செவ்வாய், வெள்ளியில் 200 கிராம் பன்னீர்), இரவு மூன்று முட்டை ஆம்லெட்டும் கீரையும். ஆரம்பத்தில் பாதாமில் பாதியை மிச்சம் வைத்துவிடுவேன். இப்போது முழுதும் சாப்பிட்டும் பசிக்கிறது. சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் கீட்டோன் ஸ்ட்ரிப்பும் முன்புபோல நிறம் மாறுவதில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "கொழுப்பை இன்னும் கூட்டுங்கள்" என்கிறார், இன்னொருவர் "மூன்று நாள் தண்ணீர் விரதம் இருங்கள்" என்கிறார். தினமும் காலையில் மெஷினில் ஏறி இறங்கினால் அழுகைதான் வருகிறது. பிளவுஸ் மட்டும் தளர்ந்துபோய், போன வாரம் டைலரிடம் கொடுத்து உள்ளே ஒரு தையல் பிடித்தேன். என் உடம்பு கெட்டுப்போய்விட்டதா? என் கணவர் சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். அவரும் என்னோடு ஆரம்பிக்கலாமா?
– பெயர் வேண்டாம், சென்னை-28

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் உடம்பு கெட்டுப்போகவில்லை. ஐந்து மாதத்தில் ஒன்பதரை கிலோ குறைத்திருக்கிறீர்கள், அதாவது உங்கள் பழைய எடையில் 11 சதவீதம். அதில் ஏழு வாரமாக ஒரு கிலோகூடத் திரும்ப ஏறவில்லை. எடை குறைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், குறைப்பதைவிடக் குறைத்ததைத் தக்கவைப்பதுதான் பெரும்பாடு என்பார்கள். அதை நீங்கள் செய்துகொண்டிருக்கிறீர்கள், அதற்காக அழுதுகொண்டும் இருக்கிறீர்கள். அதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை.

முதலில் அந்த முதல் மாதத்து 5 கிலோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் கல்லீரலிலும் தசையிலும் ஏறக்குறைய அரை கிலோ மாவுச்சத்து கிளைக்கோஜனாகச் சேர்ந்திருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாதம், இட்லியை நிறுத்தியதும் அந்த இருப்பு கரைகிறது, கூடவே தண்ணீரும் போகிறது. ஆக, முதலில் இறங்கிய 5 கிலோவில் கணிசமான பங்கு தண்ணீர். அந்த வேகம் யாருக்கும் தொடராது. அதை அளவுகோலாக வைத்துக்கொண்டால் அதற்கப்புறம் வரும் ஒவ்வொரு மாதமும் தோல்வியாகத்தான் தெரியும்.

சரி, இப்போது பாதாமுக்கு வருவோம். நம் ஊரில் இந்த உணவுமுறை பரவியபோது '100 பாதாம்' என்பது ஒரு வேளைச் சாப்பாடாகவே நிலைத்துவிட்டது. ஒரு தடவை சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஒரு பாதாம் ஒன்றேகால் கிராம் அளவுக்கு இருக்கும், 100 பாதாம் கிட்டத்தட்ட 120 கிராம். அது மட்டுமே 700 கலோரியைத் தொடும். வறுத்த நெய்யைச் சேர்த்தால் 740, 750. காபியில் போடும் வெண்ணெய் 200 கலோரி. 200 கிராம் பன்னீர் 550, அதைச் செய்யும் எண்ணெய் 100. மூன்று முட்டையும் ஆம்லெட் போடும் வெண்ணெயும் இன்னொரு 300. கீரையை விட்டுவிட்டே பன்னீர் நாளில் 1,900 வந்துவிட்டது. சிக்கன், மீன் நாட்களில் எண்ணெயைப் பொறுத்துக் கொஞ்சம் குறையலாம்.

உங்கள் உயரம், வயது, இன்றைய எடை, நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும் வேலை எல்லாவற்றையும் வைத்துக் கணக்குப் போட்டால், உடல் ஒரு நாளைக்குச் செலவழிப்பது சுமார் 1,800 கலோரி. 84 கிலோவில் இருந்தபோது இதைவிட 100, 150 கூடுதலாகச் செலவானது. உடம்பு சிறிதானால் அதை நடத்தும் செலவும் குறையத்தானே செய்யும்? ஆக, வரவும் செலவும் இப்போது சரிசமம். எடை நின்றுபோனதற்கு முதல் காரணமாக எனக்குத் தெரிவது இதுதான்.

கீட்டோவில் உடம்பு கொழுப்பை எரிக்கிறது என்பது உண்மை. ஆனால் எந்தக் கொழுப்பு? காலையில் வெண்ணெயும் பத்து மணிக்குப் பாதாமும் கொடுத்தால் அதைத்தான் முதலில் எரிக்கும். அது போதாமல் போகும்போதுதான் இடுப்பில் இருப்பதை எடுக்கும். "கொழுப்பைக் கூட்டுங்கள்" என்று சொல்பவர் இடுப்புக் கொழுப்புக்கு விடுமுறை வாங்கிக் கொடுக்கிறார். ஆரம்பத்தில் உங்களுக்குப் பசி மட்டுப்பட்டிருந்தது, பாதாமில் பாதியை நீங்களாகவே ஒதுக்கினீர்கள், எடை இறங்கியது. இப்போது பழைய குருடி கதவைத் திறடி என்று பசி திரும்பி வந்திருக்கிறது. எடை குறைந்தவர்களுக்குப் பசி கூடுவது உடம்பின் இயல்பு, அதில் உங்கள் மன உறுதிக்கு ஒரு குறையும் இல்லை.

அதனால் நான் சொல்லும் மாற்றம் சின்னதுதான். பாதாம் 50 போதும், நெய்யில் வறுக்காமல் வெறுமனே வறுத்தோ ஊறவைத்தோ சாப்பிடுங்கள். வெண்ணெய் காபியிலிருந்து வெளியே போகட்டும். அதற்குப் பதிலாகக் காலையில் இரண்டு அவித்த முட்டை. இதிலேயே ஏறக்குறைய 450 கலோரி குறைகிறது, புரதம் குறையவில்லை. பட்டினப்பாக்கம் பக்கம்தானே இருக்கிறீர்கள், மீனை வாரத்தில் இன்னும் இரண்டு நாள் கூட்டுங்கள். வஞ்சிரம்தான் வேண்டும் என்றில்லை. மத்தியும் அயிலையும் புரதத்தில் அதற்குச் சளைத்தவை இல்லை, விலையும் கையைக் கடிக்காது. வறுக்காமல் குழம்பாக வையுங்கள், புளியைக் குறைத்து. செவ்வாய், வெள்ளியில் பன்னீரை 100 கிராமாக்கி, காய்ந்த நிலையில் 30 கிராம் மீல்மேக்கரை ஊறவைத்துப் பிழிந்து சேருங்கள். 15 கிராம் புரதம் கிடைக்கும், மாவுச்சத்து சொற்பம்தான். ஒரு நாளைக்கு மொத்தம் 75, 80 கிராம் புரதம் உங்களுக்கு வேண்டும். புரதம் குறைந்தால் பசியும் அடங்காது, தசையும் கரையும்.

இப்படிச் செய்தால் மாதம் ஒன்று, ஒன்றரை கிலோ இறங்கும். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது, கணக்கு அப்படித்தான் வரும். இதைவிட வேகம் வேண்டாம்.

மாவுச்சத்து கண்ணுக்குத் தெரியாமல் நுழையும் வழிகளையும் ஒருமுறை பாருங்கள். குழம்புக்கு உரிக்கும் சின்ன வெங்காயம், உப்பு பார்க்கிற சாக்கில் இரண்டு கரண்டி சாம்பார், கைப்பிடி முந்திரி. முந்திரியில் 100 கிராமுக்கு 30 கிராம் மாவுச்சத்து உண்டு, பாதாமோடு சேர்த்து அதையும் ஒன்றாக எண்ணக் கூடாது. 'கீட்டோ லட்டு', 'கீட்டோ பிஸ்கட்' என்று விற்பவற்றை நான் வாங்கச் சொல்லமாட்டேன்.

இப்போது நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் விஷயம். தைராய்டு மாத்திரை போட்ட கையோடு காபி குடிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து நாளையிலிருந்து அதை நிறுத்துங்கள். அந்த மாத்திரை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடுதான் போட வேண்டும். காபியோ சாப்பாடோ குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துத்தான். உடனே காபி குடித்தால் மருந்து சரியாக உடம்பில் சேராது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் எடுத்தால் அவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மீல்மேக்கர் போன்ற சோயா உணவுக்கும் இதே எச்சரிக்கை, அதனால்தான் அதை மதியத்துக்கு வைத்தேன். மருந்து பாதி வீணானால் சோர்வு, மலச்சிக்கல், உடம்பில் நீர் கோத்துக்கொள்வது, அசையாத எடை எல்லாம் வரும். கடைசியாக எப்போது டி.எஸ்.எச். (தைராய்டு ரத்தப் பரிசோதனை) பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. இந்த வாரமே பாருங்கள். மாத்திரையைச் சரியான முறையில் ஆறு முதல் எட்டு வாரம் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். எடை குறைந்ததால் மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கலாம், அதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த ரத்தப் பரிசோதனையோடு கொலஸ்ட்ராலையும் சேர்த்துக் கொடுங்கள். ஐந்து மாதம் வெண்ணெயும் நெய்யும் இவ்வளவு போயிருக்கிறது, சிலருக்கு இதில் எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் நன்றாகவே ஏறிவிடும்.

ஸ்ட்ரிப்பை இனி வாங்க வேண்டாம். கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன்களில், சிறுநீரில் வெளியேறும் அசிட்டோஅசிட்டேட் என்ற ஒரு வகையை மட்டும்தான் அது காட்டும். உடம்பு பழகப் பழகச் சிறுநீரில் போவது குறையும், நிறைய தண்ணீர் குடித்தாலும் நிறம் வெளுக்கும். வெண்ணெய் அதிகம் சாப்பிட்டால் நிறம் கூடும், எடை குறையாது.

மூன்று நாள் தண்ணீர் விரதம் வேண்டவே வேண்டாம். மூன்று கிலோ இறங்கியதுபோல மெஷின் காட்டும், அதில் பெரும்பகுதி தண்ணீரும் குடலில் இருந்ததும்தான். தசையும் கொஞ்சம் போகும். நான்காம் நாள் சாப்பிட்டதும் எடை திரும்பும், நீங்கள் இன்னும் அழுவீர்கள். தலைசுற்றி அலுவலகப் படிக்கட்டில் விழவும் வாய்ப்பிருக்கிறது.

பிளவுஸ் விஷயத்தை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே நல்ல செய்தி அதுதான். ஏழு வாரமாக எடை அசையாமல் சுற்றளவு குறைந்திருக்கிறது என்றால், கொழுப்பு கொஞ்சம் போய், மெஷினில் அதை நீர் மறைத்திருக்கக்கூடும். மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் ஒன்று, இரண்டு கிலோ நீர் சேர்வது சாதாரணம். உங்கள் வயதில் மாதவிலக்கு முன்பின்னாக வரத் தொடங்கினால் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் குழப்பும். ஊறுகாய், கருவாடு சாப்பிட்ட மறுநாளும் ஏறித்தான் காட்டும். ஆகவே தினமும் மெஷினில் ஏறாதீர்கள். வாரம் ஒருநாள், அதே கிழமை, காலைக்கடன் முடித்து, சாப்பிடுவதற்கு முன். போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள், நேற்றோடு வேண்டாம். இஞ்ச் டேப்பைத் தொப்புள் மட்டத்தில் சுற்றி மாதம் இரண்டு முறை இடுப்பை அளந்து எழுதி வையுங்கள். இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ.க்குக் கீழே என்பது மருத்துவர்கள் சொல்லும் இலக்கு. நான்கு வாரம் எடையும் இடுப்பும் இரண்டுமே அசையாவிட்டால்தான் அதைத் தேக்கம் என்று சொல்ல வேண்டும்.

உடற்பயிற்சி பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. நாகேஸ்வர ராவ் பூங்கா அதிக தூரமில்லை. வெயில் தாழ்ந்தபின் அரை மணி நேரம் நடங்கள், வெயில் காலத்தில் மொட்டை மாடியும் போதும். ஆனால் நடைக்கும் மேலே தசைக்கு வேலை வேண்டும். நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது பத்து முறை, சுவரில் கை வைத்துத் தள்ளுவது பத்து முறை, இப்படி மூன்று சுற்று, வாரம் இரண்டு நாள் என ஆரம்பியுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை கொட்டும், மாவுச்சத்து குறைந்த உணவில் சிறுநீரிலும் உப்பு அதிகம் போகும். பி.பி. இல்லையென்றால் உப்புப் போட்ட நீர்மோர் ஒரு டம்ளர் குடியுங்கள், கெண்டைக்கால் இழுக்காது.

இதையெல்லாம் செய்தும் இந்த உணவே சலித்துவிட்டது என்று தோன்றினால், கீட்டோவை விடுவதில் குற்ற உணர்ச்சி வேண்டாம். 2018-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 609 பேரை ஓராண்டு கவனித்து ஓர் ஆய்வை வெளியிட்டது. கொழுப்பைக் குறைத்தவர்களுக்கும் மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கும் சராசரியாக ஐந்து, ஆறு கிலோ குறைந்தது, இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மதியம் ஒரு கப் சாதமும் நிறைய காயும் மீனும் என்று மாறினாலும் எடை குறையும். மாறிய முதல் வாரத்தில் ஒன்று, இரண்டு கிலோ ஏறினால் பயப்படாதீர்கள், அது திரும்பி வந்த கிளைக்கோஜனும் அதன் தண்ணீரும்தான்.

கடைசியாக உங்கள் கணவர். மருத்துவரைப் பார்க்காமல் அவர் ஒரு நாள்கூட இதை ஆரம்பிக்கக் கூடாது. கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு திடீரென மாவுச்சத்தை நிறுத்தினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு, ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே ரத்தம் அமிலமாகி உயிருக்கு ஆபத்து வரலாம். அவருடைய மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு, நீங்கள் டி.எஸ்.எச். முடிவைக் காட்டப் போகும் அதே நாளில் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மருத்துவர் மருந்தை மாற்றி எழுதிக் கொடுக்கும்வரை, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் உங்களோடு மாடியில் நடக்க மட்டும் வரட்டும்.