காவடி ஊர்வலத்தைப் படம் எடுக்க சாலையின் எந்தப் பக்கம் நிற்பது?

மொரீஷியஸ் ரோஸ் ஹில்லில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "போன தைப்பூசத்துக்கு தம்பி எடுத்த காவடியை ஆற்றங்கரையிலிருந்து கோவில் வரை போனில் ரெண்டு மணி நேரம் எடுத்தேன். வீட்டில் யாரும் பத்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. வைட், மிட், க்ளோஸ்அப் என்கிறார்களே, எதை எப்போது எடுப்பது?"

நீங்கள் எடுத்ததைப் பார்க்காமலே சொல்லிவிடலாம், ரெண்டு மணி நேரமும் ஒரே தூரத்தில் நின்று தலை முதல் கால் வரை எடுத்திருப்பீர்கள். வைட் ஷாட் இடத்தைக் காட்டத்தான். காத்ர் போர்ன் மலைக்கோவில் என்றால் பின்னால் மலை, படிகள், ரோஸ் நிறத்தில் கூட்டம், பத்து விநாடி போதும்.

மிட் ஷாட் இடுப்புக்கு மேலே. ஆனால் காவடி தலைக்கு மேல் வளைந்து நிற்பதால் அதில் உச்சி வெட்டுப்படும், அதனால் தொடையிலிருந்து மேலே எடுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் 'ப்ளான் அமெரிக்கேன்' என்பது இதைத்தான்.

க்ளோஸ்அப்பில்தான் எல்லோரும் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். பால் செம்பு, தாரில் வெறும் கால், அலகு குத்திய கன்னம் என்று சின்னச் சின்னதாக முப்பது எடுத்து வையுங்கள், ஒவ்வொன்றும் ஐந்தாறு விநாடி, கை ஆடாமல். ஆற்றங்கரையில் தம்பி நடப்பதையும் கோவில் வாசலில் நடப்பதையும் நேராக ஒட்டினால் தூக்கிப் போட்ட மாதிரி இருக்கும், நடுவில் அந்த வெறும் கால் ஷாட்டை வைத்தால் ஒரு மணி நேரம் தாண்டியதே யாருக்கும் தெரியாது. விரலால் ஜூம் பண்ணாதீர்கள், படம் உடையும். அதற்காக வைட் லென்ஸோடு முகத்துக்குக் கிட்டே போனால் மூக்கு பெருத்துவிடும், போனில் 2எக்ஸ் லென்ஸ் இருந்தால் அதுதான் முகத்துக்கு.

இப்போது தலைப்புக்கு வருகிறேன், ஏனென்றால் ஊர்வலத்தில் எல்லோரும் சறுக்குவது இங்கேதான். தம்பி திரையில் இடமிருந்து வலமாகப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம், நீங்கள் நிழல் தேடி எதிர்ப்பக்கம் போய் எடுத்தால் வலமிருந்து இடமாகப் போவான், ரெண்டையும் சேர்த்தால் பிள்ளை பாதி வழியில் திரும்பி வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்கும்! அதனால் எந்தப் பக்கம் ஆரம்பித்தீர்களோ கடைசி வரை அதே பக்கம் நில்லுங்கள், சினிமாவில் இதை 180 டிகிரி விதி என்பார்கள். கடந்தே ஆக வேண்டுமா? சரி, அவனுக்கு நேர் முன்னால் நின்று அவன் கேமராவை நோக்கி வருவதை ஒரு ஷாட் எடுத்துவிட்டுக் கடந்து போங்கள், அதை நடுவில் வைத்தால் கண் ஏற்றுக்கொள்ளும்.

அப்புறம், நம் மொரீஷியஸ் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 சுற்று. போன் விநாடிக்கு 30 ஃப்ரேமில் இருந்தால் கோவில் ட்யூப்லைட் துடிக்கலாம், 25க்கு மாற்றி, ஷட்டரை விநாடியில் 50ல் ஒரு பங்கில் வையுங்கள்.

அலகு குத்தும்போது மட்டும் கேட்காமல் தம்பியிடம் கிட்டே போகாதீர்கள். அந்த நேரத்தில் அம்மாவின் முகத்தை க்ளோஸ்அப்பில் எடுங்கள், என்னைக் கேட்டால் ஊசியைக் காட்டவே வேண்டாம்.