மண்புழு நிறைய இருந்தால் மண் சுத்தம் என்று அர்த்தமா?

கேட்டவர் வடசென்னையில் ஆலைகள் நிறைந்த மணலி பக்கம் வீட்டுக்குப் பின்னால் கீரை போடுகிறார். மண்வெட்டி போட்ட இடமெல்லாம் புழு நெளிகிறதாம், அப்புறம் என்ன பயம் என்கிறார்.

புழு இருந்தால் மண்ணில் ஈரமும் மட்கும் இருக்கிறது, அவ்வளவுதான். காட்மியம் என்ற நச்சு உலோகம் உள்ளே போனால் மெட்டலோதயோனின் என்ற புரதத்தால் அதைக் கட்டிப்போட்டுவிட்டு மண்புழு தன்பாட்டுக்குத் திரியும், முட்டைக்கூடும் வைக்கும். செல்லுக்குள்ளே டிஎன்ஏ இழை அறுந்திருக்கிறதா என்பது வெளியிலிருந்து தெரியாது. அதைப் பார்க்கத்தான் காமெட் சோதனை. விலங்கியல் முதுகலையில் நான் ஆசைப்பட்டுச் செய்த வேலை இது.

புழுவை வெட்ட வேண்டாம். ஈரத்தாளில் ஓர் இரவு விட்டுக் குடலில் உள்ள மண்ணைக் கழிய வைத்து, கொஞ்சம் ஆல்கஹால் கலந்த உப்புக் கரைசலில் போட்டால், எரிச்சலில் உடற்குழித் திரவத்தைக் கக்கும். எருவில் வளரும் ஐசீனியா ஃபெடிடா என்றால் மஞ்சளாக, நாற்றத்தோடு வரும். அதிலுள்ள செல்களை அகரோஸ் ஜெல்லில் கலந்து கண்ணாடிச் சில்லில் பூசி, சவ்வைக் கரைத்துவிட்டு, பிஎச் 13க்கு மேலான காரக் கரைசலில் மின்சாரம் பாய்ச்ச வேண்டும். டிஎன்ஏவுக்கு எதிர்மின்சுமை என்பதால் அறுந்த துண்டுகள் நேர்முனைப் பக்கம் இழுபடும். சாயம் ஏற்றி ஒளிர் நுண்ணோக்கியில் பார்த்தால், கெடாத செல் உருண்டையாகவும் அடிபட்டது வாலோடும் தெரியும். வால் நீளமாக, அடர்த்தியாக இருந்தால் சேதம் அதிகம். 1984ல் ஆஸ்ட்லிங், ஜோஹன்சன் இருவரும் ஆரம்பித்ததை, 1988ல் என். பி. சிங் குழு காரக் கரைசலுக்கு மாற்றியது. ஓர் இழை மட்டும் அறுந்திருந்தாலும் அதில் தெரிந்துவிடும். எல்லாவற்றையும் மங்கலான வெளிச்சத்தில் செய்ய வேண்டும். வெளிச்சமே இழையை அறுத்துவிட்டால் யாரைக் குறை சொல்வது?

சரி, உலோகம் எப்படி அறுக்கிறது? குரோமியம் போன்றவை செல்லுக்குள் எதையும் தாக்கத் துடிக்கும் ஆக்சிஜன் துகள்களை (ஃப்ரீ ராடிக்கல்) கிளப்பிவிட்டு இழையைத் தாக்கும். காட்மியம் அதோடு பழுது பார்க்கும் நொதிகளையும் முடக்கும். எனக்கு இரண்டாவதுதான் மோசமாகப் படுகிறது.

ஆனால் எந்த உலோகம் என்று புழு சொல்லாது. மணலி, எண்ணூர்ப் பக்கம் எண்ணெய்க் கழிவில் உள்ள அரோமேடிக் ஹைட்ரோகார்பன் என்ற வேதிப்பொருள்களும் இதே வாலை உண்டாக்கும். ஆய்வகத்தில் மண்ணைக் கரைத்துப் பார்த்தால் மொத்த ஈயம் எவ்வளவு என்று வரும்; அதில் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு யாரையும் தொடாததும் சேர்த்தி. உயிருக்குள் எவ்வளவு போனது என்பதற்குப் புழுதான் சாட்சி. அதனால் இரண்டும் தேவை. அதுவும், ஒரே இடத்தில் வளர்த்த புழுக்களைச் சந்தேக மண்ணிலும் சுத்தமான மண்ணிலும் தனித்தனியாக விட்டு ஒப்பிட்டால்தான் பேச முடியும். தோட்டத்தில் பிடித்த ஒரு புழுவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

நீங்கள் இந்தச் சோதனைக்கு அலைய வேண்டாம். மண்ணை ஆய்வகத்தில் கொடுத்து ஈயம், காட்மியம், குரோமியம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மனையை ரப்பிஷோ சாம்பலோ கொட்டி உயர்த்தியிருந்தால் கட்டாயம் பாருங்கள். முடிவு வரும்வரை கீரையை வேறு மண் நிரப்பிய பையில் போடுங்கள். காட்மியம் காயைவிட இலையில்தான் அதிகம் ஏறும். நாட்டுக்கோழி வளர்த்தால் அந்தப் பக்கம் மேயவிடாதீர்கள். புழு சேர்த்து வைத்த காட்மியம் கோழியின் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும்தான் போகும்.